எச்.எஸ்.ஏ.வில் கூடுதலா விழுந்த 800 டாலர்

இன்னைக்கு எபிசோட் என்னோட சொந்தத் தப்புல இருந்து ஆரம்பிக்குது.

அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் பல பேருக்கு எச்.எஸ்.ஏ. பழக்கம்தான். ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுன்ட். டிடக்டிபிள் அதிகமான இன்ஷூரன்ஸ் எடுத்தவங்க, வரி பிடிக்கும் முன்பே மருத்துவச் செலவுக்குச் சேர்த்து வைக்கிற கணக்கு. ஒருத்தருக்கு மட்டும் கவரேஜ் என்றால் 2025-க்கு உச்சவரம்பு 4,300 டாலர். கம்பெனி போடுற பணமும் அதுக்குள்ளதான்.

2025 நடுவில் நான் கம்பெனி மாறினேன். பழைய இடத்தில் 2,600 போயிருந்தது, புது இடத்தில் 2,500. தனித்தனியா பார்த்தா ரெண்டு பேரோலும் சரி. ஆனா ஒண்ணு பிடிச்சது இன்னொண்ணுக்குத் தெரியாது. ரெண்டு டபிள்யூ-2 கையில் வந்து, பாக்ஸ் 12-ல் 'டபிள்யூ' கோடுக்குப் பக்கத்தில் இருந்த தொகைகளைக் கூட்டினேன். 5,100. அதாவது 800 டாலர் கூடுதல்.

சும்மா விட்டா? 6 சதவீத அபராத வரி, 48 டாலர். கூடுதல் தொகை சரியாகிற வரைக்கும் வருஷா வருஷம் வரும்.

800-ஐ என் பேங்குக்கு மாத்திட்டா முடிஞ்சதுன்னுதான் முதல்ல நினைச்சேன். நல்லவேளை, செய்யல. அப்படி எடுத்தா அது மருத்துவம் இல்லாத செலவுன்னு கணக்காகும். வருமான வரியோட இன்னொரு 20 சதவீதம் கட்டணும். 2025-க்கான 6 சதவீதமும் போகாது.

சரியான வழி, கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் 'எக்ஸஸ் கான்ட்ரிபியூஷன்' ஃபார்ம் கொடுக்கிறது. 800-ம், அது ஈட்டிய லாபமும் சேர்ந்தே வெளியே வரணும். எனக்கு லாபம் 24 டாலர். கெடு ஏப்ரல் 15, 2026. ரிட்டர்னை நேரத்துக்குப் போட்டவங்க, திருத்திய ரிட்டர்னோட அக்டோபர் 15 வரை சரிசெய்யலாம்.

இப்போ வரி. என் 800 சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே போனதால, டபிள்யூ-2 பாக்ஸ் 1-ல் அது இல்ல. அதனால 2025 ரிட்டர்னில் 'இதர வருமானம்' என்று நானே சேர்க்கணும். 24 டாலர், கைக்கு வந்த 2026-ன் வருமானம். நீங்க வரி கட்டின பணத்தைப் போட்டிருந்தா, அந்தக் கூடுதல் தொகைக்குக் கழிவு கேட்காம விட்டாப் போதும்.

இதுக்கு நேர் எதிரான கதையும் உண்டு. எச்.எஸ்.ஏ.வில் இருந்து 300 டாலர் பில் கட்டுறீங்க. பிறகு இன்ஷூரன்ஸ் அதைக் கொடுத்துடுது, ஆஸ்பத்திரி உங்களுக்கு 300 செக் அனுப்புது. அதைக் கையில வெச்சுக்கிட்டா, வரியும் 20 சதவீதமும் வரும். சாதாரண டெபாசிட்டா திருப்பிப் போட்டா, உச்சவரம்பில் 300 காலி. 'மிஸ்டேக்கன் டிஸ்ட்ரிபியூஷன்' ஃபார்மோட போட்டா மட்டும், அந்தப் பணம் வெளியே போகவே இல்லைன்னு அர்த்தம். தப்பு தெரிய வந்த வருஷத்துக்கு அடுத்த ஏப்ரல் 15-க்குள்ள செய்யணும். ஆனா நிறுவனம் ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, முதல்ல கேட்டுக்கோங்க.

ரெண்டு கதையிலும் தொகை மாறல. எந்த ஃபார்மில், என்ன காரணம்னு குறிச்சோம் என்பதுதான் வரியை முடிவு பண்ணுது. வேலை மாறுற வருஷம், புது எச்.ஆர்.கிட்ட முதல் வாரமே சொல்லிடுங்க: நான் ஏற்கெனவே இவ்வளவு போட்டாச்சு.