முதலசையும் பாடல் அடைவும்: ஜப்பானியப் பாடல்களைத் தமிழில் நிரல்படுத்துதல்

1. முன்னுரை

தில்லியின் தூதரகப் பகுதியான சாணக்யபுரியில், சாந்திபத் சாலையில் ஜப்பான் நாட்டுத் தூதரகம் அமைந்துள்ளது. தில்லித் தெருப் பெயர்ப்பலகைகள் பல இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது ஆகிய நான்கு மொழிகளில் எழுதப்படுகின்றன. 'சாணக்யபுரி' என்னும் பெயரின் முதலொலியையும், ஜப்பானியர் போற்றும் செர்ரி மலரின் பெயராகிய 'ஸகுரா' என்பதன் முதலொலியையும் இந்நான்கு மொழிகளும் எழுத்தில் வேறுபடுத்திக் காட்டும். ஜப்பானியமும் அவ்வாறே வேறுபடுத்தும். முன்னதைத் தகர வரிசையிலும் பின்னதை ஸகர வரிசையிலும் வைக்கும். தமிழில் மட்டும், கிரந்த எழுத்தை விலக்கி எழுதுமிடத்து, இரண்டும் சகரத்தின்கீழ் வந்து சேர்கின்றன.

ஒரு பெயரளவில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, பாடல்களை முதலெழுத்தால் அடுக்கும்போது பெருஞ்சிக்கலாகிறது. மொழிபெயர்ப்பில் ஒரு பாடலைக் காணும் தமிழ் வாசகர், அதன் மூலத்தைத் தேடிச் செல்ல வழி உண்டா இல்லையா என்பதை அடைவே முடிவு செய்கிறது. அச்சிக்கலின் இயல்பையும் தீர்வையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கு ஜப்பானியச் சொற்களில் வரும் ஸ, ஷ, ச ஆகிய மூன்றும் மூன்று வேறு ஒலிகளைக் குறிக்கும். சகரத்தை 'அச்சம்' என்னும் சொல்லில் உள்ளவாறு ஒலிக்க வேண்டும். 'அசை' என்பது ஜப்பானியக் 'கானா' எழுத்தொன்றின் ஒலியளவே, யாப்பசை அன்று.

2. முதலசையால் அறியப்படும் பாடல்கள்

ஜப்பானியத்தில் 'உதா' என்னும் சொல் பாட்டு, செய்யுள் ஆகிய இரண்டையும் குறிக்கும். 5-7-5-7-7 என 31 அசைகளால் ஆகிய 'வாகா' என்னும் செய்யுளுக்குப் பொதுவாகத் தனித்தலைப்பு இல்லை. சங்கச் செய்யுட்களைப் பாட்டு முதற்குறிப்பு அகராதியின் துணையால் தேடுவதுபோல், வாகாவையும் அதன் தொடக்கத்தால் அறிவர்.

இதற்குத் தக்க சான்று, 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்க்கா தொகுத்த, 'ஹியாகுனின் இஷ்ஷு' எனப்படும் நூறு புலவர் பாத்தொகை. இதனை அடிப்படையாகக் கொண்ட 'கருதா' என்னும் சீட்டு விளையாட்டில், ஒருவர் பாடலைத் தொடக்கத்திலிருந்து ஓத, ஆடுவோர் அதன் பிற்பகுதி எழுதப்பட்ட சீட்டை முந்தி எடுக்க வேண்டும். ஓதும் ஒலிப்பின்படி, நூறு பாடல்களும் 27 அசைகளில் தொடங்குகின்றன. அகரத்தில் மட்டும் 16 பாடல்கள் உள்ளன. மு, ஸு, மெ, ஃபு, ஸ, ஹொ, ஸெ ஆகிய ஏழு அசைகளிலோ அசைக்கு ஒரு பாடலே உண்டு. முதலசை காதில் விழுந்த அளவிலேயே பாடல் எதுவென்று தெரிந்துவிடும். ஆட்டக்காரர்கள் இவ்வேழு அசைகளையும் ஒரு தொடராகவே மனப்பாடம் செய்வர்.

3. இரு நெடுங்கணக்குகளின் ஒற்றுமை

பழைய ஜப்பானிய அடைவுகள் 'இரோஹா' என்னும் செய்யுளின் எழுத்து முறையைப் பின்பற்றின. இன்று வழங்குவது 'கொஜூஓன்' என்னும் ஐம்பதொலி வரிசை. இது வடமொழி எழுத்துமுறைக் கல்வியின் விளைவு. தென்னிந்தியத் துறவி போதிசேனர் 736இல் ஜப்பானை அடைந்தார்; 806இல் சீனத்திலிருந்து மீண்ட கூகாய் 'சித்தம்' எழுத்துக் கல்வியை வளர்த்தார். ஐம்பதொலி வரிசையின் மிகப் பழைய சான்று 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. 1889-91இல் வெளிவந்த ஓத்ஸுகி ஃபுமிஹிகோவின் 'கென்காய்' அகராதி இவ்வரிசையைக் கைக்கொண்டது.

இவ்வரிசையில் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என நிற்கின்றன. மெய் வரிசைகள் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்பன. ஸகரம் நிற்கும் இடத்தில் சகரத்தையும் ஹகரம் நிற்கும் இடத்தில் பகரத்தையும் வைத்தால், இது தமிழ் நெடுங்கணக்கின் முறையேயாகும். இம்மாற்றம் வலிந்து செய்வதன்று. ஹகர வரிசை முற்காலத்தில் பகரமாக ஒலித்தது. ஸகர வரிசையும் சகரத்தை ஒத்த ஒலியுடையதாக இருந்தது என்பது மொழிநூலார் பலர் கருத்து. வடமொழியில் ஸகரமும் ஹகரமும் இறுதியில் நிற்க, ஜப்பானியத்தில் அவை முன்னே நிற்பதற்கு இதுவே காரணம் என்பர்.

மற்றொரு வசதியும் உண்டு. ஜப்பானிய அகராதிகள் ககரத்தையும் அதன் ஒலிப்புடை இணையையும் ஓரிடத்திலேயே அடுக்குகின்றன. தகரத்திற்கும் இது பொருந்தும். எனவே தமிழெழுத்து இவ்வொலிகளை வேறுபடுத்தாமை அடைவுக்கு இடையூறு ஆவதில்லை.

4. சகரத்தின் சுமை

இடையூறு சகரத்திலேயே தோன்றுகிறது. பழைய 'தி', 'து' என்னும் ஒலிகள் ஜப்பானியத்தில் முறையே 'சி', 'த்ஸு' எனத் திரிந்தன. எனினும் அவை தகர வரிசையிலேயே நிற்கின்றன. பேச்சில் 'அடிச்சு' என ஒலிப்பினும் எழுத்தில் 'அடித்து' எனத் தகரத்தைக் காக்கும் தமிழருக்கு இது புதிதன்று.

மூன்று தலைப்புகளைக் காணலாம். 'ஸகுரா ஸகுரா' மரபுப் பாடல். 'ஷபொன்தமா' (சோப்புக் குமிழி) 1922இல் நோகுச்சி உஜோ எழுதிய சிறுவர் பாடல். 'சத்ஸுமி' (தேயிலை பறித்தல்) 1912ஆம் ஆண்டுப் பள்ளிப் பாடல் நூலில் இடம்பெற்றது. ஜப்பானிய அடைவில் முதலிரண்டும் ஸகர வரிசையிலும் மூன்றாவது தகர வரிசையிலும் அமையும். கிரந்தமின்றி எழுதினால் 'சகுரா, சத்சுமி, சபொன்தமா' என நிரல் அமைந்து, தேயிலைப் பாடல் ஏனைய இரண்டுக்கும் இடையில் புகுந்துவிடுகிறது.

நூறு பாத்தொகையில் இவ்விழப்பை எண்ணியே காட்டலாம். 'ஷி'யில் தொடங்கும் 2 பாடல்களும் 'சி'யில் தொடங்கும் 3 பாடல்களும் தமிழில் 'சி' என்னும் ஓரெழுத்தின்கீழ் 5 ஆகின்றன. 'த்ஸு'வைச் 'சு' என எழுதினால், தனித்து நின்ற 'ஸு' மேலும் 2 பாடல்களுடன் கலக்கிறது. ஹகரத்தை நீக்கி எழுதினால், தனித்த 'ஹொ' ஒகரத்தின் 7 பாடல்களுடன் சேர்ந்து மறைகிறது. ஓரசையால் அறியப்பட்ட ஏழு பாடல்களில் இரண்டு இவ்வாறு அடையாளம் இழக்கின்றன.

கிரந்த எழுத்துகளை ஆள்வது ஒலியைக் காக்கும், வரிசையைக் காப்பதில்லை. தமிழ் அகரவரிசையில் ஷ, ஸ, ஹ ஆகியவை பொதுவாக இறுதியில் வைக்கப்படுவதால், ஜப்பானியத்தில் ககரத்தை அடுத்து நிற்கும் 'ஸகுரா' தமிழில் வகரத்திற்கும் பின் தள்ளப்படுகிறது.

5. மொழிமுதல் மரபு

சகரம் அகரத்தோடு கூடி மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய விதி; நன்னூலோ சகரம் அகரத்தோடு கூடி மொழிக்கு முதலாவதை ஏற்கிறது. எனவே 'சகுரா' என எழுதுவதற்குப் பிற்கால மரபின் இசைவு உண்டு. ரகரத்திற்கு இவ்விரு நூல்களிலும் அவ்விசைவு இல்லை. ஜப்பானியத்திலும் இயற்சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை. நூறு பாத்தொகையில் அவ்வரிசைப் பாடல் ஒன்றேனும் இல்லை. 1945இல் புகழ்பெற்ற 'ரிங்கோ நோ உதா' (ஆப்பிள் பாட்டு) என்பதன் முதற்சொல் சீனத்திலிருந்து வந்ததே. இதனைத் தமிழ் மரபுப்படி 'இரிங்கோ' என எழுதினால், பாடல் ரகர வரிசையை விட்டு இகரத்திற்குப் பெயர்ந்துவிடும்.

6. அடைவு செய்வோர்க்கு

தலைப்பை மாற்றுவது இன்னும் பெரிய இழப்பைத் தரும். 1961இல் ஸகமோத்தோ கியூ பாடிய 'உஎ ஓ முயிதே அருகோ' என்னும் பாடல், 1963இல் அமெரிக்காவில் 'ஸுகியாக்கி' என்னும் உணவுப் பெயரால் முதலிடம் பெற்றது. உணவுக்கும் பாடற்பொருளுக்கும் தொடர்பில்லை. உகர வரிசைப் பாடல் ஸகர வரிசைக்குச் சென்றதே கண்ட பயன்.

ஆகவே பின்வரும் முறை பொருத்தமாகும். அடைவின் தலைவரிசையாக ஐம்பதொலி முறையையே கொள்ள வேண்டும். அது தமிழ் நெடுங்கணக்கோடு ஒத்திருத்தலால் வாசகர்க்குச் சுமையாகாது. ஸ, ஷ இரண்டையும் சகரத்தின் இடத்திலும், 'சி', 'த்ஸு' இரண்டையும் தகரத்தின் இடத்திலும், ஹகரத்தைப் பகரத்தின் இடத்திலும் வைக்கலாம். தலைப்பின் ஒலிபெயர்ப்பில் கிரந்த எழுத்துகளை ஆண்டு, தமிழாக்கத் தலைப்பை அடுத்த பத்தியில் தரலாம். கிரந்தம் விலக்கிய வடிவில் தேடுவோர்க்கு, 'சத்சுமி: தகர வரிசையில் சத்ஸுமி காண்க' என்பது போன்ற காட்டுக்குறிப்பு போதும். மொழிபெயர்ப்பாளர் தம் நடைக்கேற்பக் கிரந்தத்தை ஆளலாம், விலக்கலாம்; அடைவில் மூலத்தின் முதலசை மாறாதிருப்பின், பாடல் தேடுவார் கைக்கு எட்டும்.