அச்சுக்கட்டையும் அவசரமும்

1611-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மச்சிலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தது பெரிதும் துணியை நாடியே. அதனை அடுத்த பெடனாவில் மரவச்சுத் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. அங்கு முதலில் கருத்தைக் கவர்வது சாயமன்று, காத்திருத்தலே.

கஞ்சி நீக்கிய பருத்தித் துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துகின்றனர். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் பல நாள் ஊறிய நீரைத் தேக்குக் கட்டையால் ஒற்றினால், கடுக்காய் ஏறிய துணி கருக்கின்றது. சிவப்பு வேண்டிய இடத்திற் படிகாரக் கரைசலை ஒற்றுகின்றனர். அப்பொழுது அங்கே சிவப்பு இராது! சில நாள் ஆறவிட்டு, ஓடும் நீரில் அலசி, சாயம் கலந்த செப்பு அண்டாவில் கொதிக்க வைத்த பின்னரே பூ தோன்றும். ஆறவிடாமல் அலசினாலோ, படிகாரம் நூலைப் பற்றாது கழிந்துவிடும்.

இவ்விடத்தில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆண்டிறுதி நெருங்குங்கால் "சரக்கு எங்கே?" என்று சங்கங்களை நெருக்குவோர் நாமே. நம் பதிவேட்டில் இருப்புக்குப் பத்தி உண்டு, வெயிலுக்கு இல்லை. அவ்வாறு விரைந்து முடித்த படுக்கை விரிப்புகள் முதற் சலவையிலேயே வெளிறித் திரும்பி வந்ததை ஒரு சங்கத்திற் கண்டோம். அவ்வாண்டு அங்கத்தினர்க்குப் பங்காதாயம் கிட்டவில்லை.

வாங்குவோர் கட்டை சேருமிடத்தை நோக்குக. சிறு பிசகு இருப்பின் அது பெரும்பாலும் கைவேலையே. குளிர்ந்த நீரில் தனியே அலசி நிழலில் உலர்த்துக. நம் இல்லத்து விரிப்பொன்று நைந்து தலையணை உறையாயிற்று. இப்பொழுது அடுப்படியிற் கரித்துணியாக இருக்கின்றது. சிவப்பு இன்னும் போகவில்லை.