நிப்பா கிருமியை இனங்கண்ட பல்கலைக்கழகம்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குச் செல்லும் வழியிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக வைத்தியசாலையை நோயுற்ற காலத்தில் மட்டுமே நாடும் நம்மவர் பலர், உலக வைத்திய சரித்திரத்தின் ஓர் அத்தியாயம் அங்கே எழுதப்பட்டதை அறியார்.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் தோன்றி, பின்னர் நெகிரி செம்பிலானுக்கும் பரவிய மூளைக்காய்ச்சலை, கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். ஆயினும், அது பெரும்பாலும் சிறுவரையே தாக்குவதாயிருக்க, இந்நோயோ பன்றிப் பண்ணைகளில் உழைத்த ஆடவரையே மிகுதியும் பீடித்து, தடுப்பூசி போட்டவரையும் விட்டுவைக்காதது கண்டு ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். 1999 மார்ச்சில் அப்பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் மூளைத்தண்டுவட நீரிலிருந்து, அதுவரை எவரும் அறிந்திராத வைரஸைப் பிரித்தெடுத்தார். நோய் பரவிய சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 உயிர்களைப் பலிகொண்ட அந்நோய், காரணம் விளங்கி, பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டபின் அடங்கியது; பழந்தின்னி வௌவால்களே கிருமியின் இயற்கை உறைவிடம் என்பதும் பின்னர் நிரூபணமாயிற்று. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் அதே நோய் தலைகாட்டியபோது, வைத்தியர்கள் அதனை விரைந்து இனங்காண இயன்றமைக்கு, இங்கே இடப்பட்ட அஸ்திவாரமே ஆதாரமாயிருந்தது.