காலி வீட்டில் குடியேறும் கிருமிகள்!

எங்கள் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர் திடீரென்று பத்து நாள் லீவு போட்டார். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரு வரி. என்ன உடம்பு என்று கேட்டால், "லேடீஸ் பிராப்ளம் சார்" என்று ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். லீவு முடிந்து வந்த பிறகுதான், கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருக்க, விஷயத்தைச் சொன்னார்.

அம்மாவுக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஒருநாள் சொட்டுச் சொட்டாக ரத்தம். யாரிடமும் மூச்சு விடவில்லை. 'ஏதோ மிச்சம் மீதி இருந்திருக்கும்' என்று துணியை அலசிப் போட்டுவிட்டு சமையலைப் பார்க்கப் போய்விட்டார். இப்படியே ஐந்து மாதம்! தீபாவளிக்கு வந்த தங்கை, கொடியில் கிடந்த துணியைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. ஸ்கேன், பயாப்ஸி... கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய். நல்லவேளை, கருப்பையைத் தாண்டவில்லை. ஆபரேஷன் செய்து கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

"இதுக்கு ஏதோ கிருமிதான் காரணம்னு செல்போன்ல படிச்சேன் சார். முன்னாடியே நாலு மாத்திரை வாங்கிக் குடுத்திருந்தா சரியாப் போயிருக்குமோ?"

பிள்ளையின் மனசு உறுத்துகிறது. சும்மா 'சேச்சே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தேடிப் படித்தேன்.

பெண்ணின் கருப்பை வாசலில் காவலுக்கு நிற்பவை லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியாக்கள். பாலைத் தயிராக்குகிறதே, அந்த வகையறாதான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரக்கிற வரை அங்கே கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து சேரும். காவலர்களுக்கு அதுதான் ரேஷன். அதிலிருந்து லாக்டிக் அமிலம் உண்டாகி, அந்த இடமே புளிப்பாக இருக்கும். பி.ஹெச். கணக்கில் 4.5-க்குக் கீழே. அந்தப் புளிப்பில் வேண்டாத கிருமிகள் வாலாட்ட முடியாது.

மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. ரேஷன் கட்! காவலர்கள் கலைய, பி.ஹெச். பெரும்பாலும் 5-ஐத் தாண்டுகிறது. காலி வீட்டைப் பார்த்தால் விடுவார்களா? காற்று புகாத இடத்தில் வாழும் கிருமிகள் மூட்டை முடிச்சோடு வந்துவிடுகின்றன. வயதானால் எத்தனையோ பெண்களுக்கு நடப்பதுதான் இது. அத்தனை பேருக்கும் புற்றுநோய் வருவதில்லை.

அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மரீனா வால்தர்-அந்தோனியோ குழு 2016-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. கருப்பையை எடுக்க வேண்டியிருந்த 31 பெண்கள். 17 பேருக்குப் புற்றுநோய், 4 பேருக்கு உட்சுவர் தடித்த நிலை, மீதி 10 பேருக்கு வேறு சாதாரணக் கோளாறுகள். புற்றுநோய்க்காரர்களிடம் அட்டோபோபியம், போர்ஃபிரோமோனாஸ் என்ற இரண்டு கிருமிகள் சேர்ந்து தென்பட்டன. கூடவே பி.ஹெச்.-சும் ஏறியிருந்தது. 2019-ல் அதே குழு, இந்த மாற்றத்தில் மாதவிலக்கு நிற்பதற்கு முக்கியப் பங்கு உண்டு என்றது. போர்ஃபிரோமோனாஸ் சோமரே என்ற குறிப்பிட்ட கிருமியைக் கைகாட்டியது. பல் ஈறைக் கெடுக்கிற கிருமிக்கு இது பங்காளி!

கிருமியால் புற்றுநோயா என்று சிரிக்க வேண்டாம். வயிற்றுப்புண்ணுக்கு பாக்டீரியா காரணம் என்று சொன்ன ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷலை அன்று பலர் நம்பவில்லை. மனிதர் 1984-ல் அந்தக் கிருமியைக் கரைத்து மடமடவென்று தானே குடித்துவிட்டார்! 2005-ல் நோபல் பரிசு வந்தது. இரைப்பைப் புற்றுநோய்க்கும் அதே கிருமிக்கும் தொடர்பு உண்டு என்பது இன்று சந்தேகமில்லாத விஷயம்.

ஆனால் கருப்பை வழக்கில் தீர்ப்பு வரவில்லை. கிருமி வந்ததால் நோயா, நோய் வந்து இடம் கெட்டதால் கிருமி வந்து ஒட்டிக்கொண்டதா? 31 பேரை வைத்து யாரையும் தூக்கில் போட முடியாது. நிரூபணமான குற்றவாளி வேறு: உடல் பருமன். சினைப்பை ஓய்ந்த பிறகும் உடம்பின் கொழுப்பு தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கிறது. அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய புரோஜெஸ்டிரான் இல்லாததால் உட்சுவர் தடித்துக்கொண்டே போகிறது. சர்க்கரை வியாதியும் கூட்டாளி.

ஆகவே நண்பருக்குச் சொன்னேன்: "நாலு மாத்திரையில இது போயிருக்காது சார். ஆன்டிபயாடிக் போட்டா இருக்கிற காவலாளியும் சேர்ந்து செத்திருப்பான். மாத்திரை போட்டாச்சேன்னு இன்னும் நாலு மாசம் தள்ளியிருப்பீங்க."

கிருமியைவிட முக்கியமான துப்பு அந்தச் சொட்டு ரத்தம்தான். மாதவிலக்கு நின்ற பிறகு இந்தப் புற்றுநோய் வருபவர்களில் 100-க்குச் சுமார் 90 பேருக்கு ரத்தப்போக்கு இருக்கிறது. அப்படி ரத்தம் பட்டவர்களை மட்டும் கணக்கெடுத்தால், 100-க்குச் சுமார் 9 பேருக்குத்தான் புற்றுநோய். மற்றவர்களுக்குச் சின்னக் கட்டி, மெலிந்துபோன உட்சுவர் என்று வேறு காரணங்கள். எது என்று ஸ்கேனும் பயாப்ஸியும்தான் சொல்லும். துணி துவைக்கிற அம்மா சொல்ல முடியாது.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வர கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"இதையெல்லாமாடா பெத்தவகிட்ட கேப்பாங்க? எனக்கு ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா."

போனை வைக்கப் போனேன். "டேய்... இரு இரு. எனக்கில்ல. எதிர்வீட்டு அத்தை போன மாசம் ஏதோ சொன்னா..."