பார்வையிழந்தோர் மறுவாழ்வுப் பயிற்சி

பார்வையிழந்தோர் மறுவாழ்வுப் பயிற்சி என்பது, வளர்ந்த பருவத்தில் கண்பார்வையை முழுமையாகவோ பகுதியாகவோ இழந்தவர்கள், பிறர் துணையை எந்நேரமும் எதிர்பாராமல் வாழ்வதற்கு வேண்டிய திறன்களை மீண்டும் பெற உதவும் பயிற்சிகளின் தொகுப்பு ஆகும். தனியே நடமாடுதல், சமைத்தல், உடுத்தல், பணத்தைக் கையாளுதல், படித்தல், எழுதுதல், கருவிகளைப் பயன்படுத்துதல் முதலியன இதில் அடங்கும். மருத்துவத்தால் மீட்க இயலாத பார்வை இழப்புக்குப் பின்னர் தொடங்கும் பணி இது. பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளுக்கு அளிக்கப்படும் கல்வியிலிருந்தும் இது வேறுபட்டது. குழந்தை ஒரு திறனை முதன்முறையாகக் கற்கிறது. பார்வையிழந்த பெரியவரோ கண்ணால் செய்து பழகிய ஒன்றைக் கையாலும் காதாலும் செய்ய மறுபடியும் கற்கிறார்.

பயிற்சி பெறுவோர்

பார்வையற்றோர் எனப்படுவோரில் பெரும்பாலானோருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும். எனவே முழு இருளில் வாழ்வோருக்கு மட்டும் உரியதாக இப்பயிற்சியைக் கருதுவது தவறு. நோயைப் பொறுத்து இழப்பின் தன்மை மாறுகிறது.

கண் அழுத்த நோயில் பொதுவாகப் பக்கப் பார்வை முதலில் குறைகிறது. இவ்வாறு பாதிக்கப்பட்டவர் செய்தித்தாளைப் படிப்பார்; ஆனால் வாசற்படியில் இடறுவார். விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோயில் இதற்கு மாறாக நடுப்பார்வை போய்விடுகிறது. இவர் தெருவில் ஓரளவு நடந்து செல்வார். ஆனால் எதிரே நிற்பவரின் முகத்தை அடையாளம் காண மாட்டார். விழித்திரை நிறமி நோயில் மாலைக்கண் முதல் அறிகுறியாக வருவது வழக்கம். நீரிழிவினால் ஏற்படும் விழித்திரை நோயில் பார்வை நாளுக்கு நாள் ஏறி இறங்கக்கூடும். இத்தகைய வேறுபாடுகளை அறியாதவர்கள், பாதிக்கப்பட்டவர் நடிப்பதாக எண்ணிவிடுவதும் உண்டு.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன்படி, கண்ணாடி அணிந்த பின்னரும் இரு கண்களில் நல்ல கண்ணின் பார்வைக் கூர்மை 3/60க்குக் குறைவாகவோ, பார்வைப் புலம் 10 பாகைக்குக் குறைவாகவோ இருப்பவர் பார்வையற்றவர் ஆவார். இதற்கு மேற்பட்டு 6/18 வரை பார்வைக் கூர்மை உள்ளவர்களும், 40 பாகைக்குக் குறைவான பார்வைப் புலம் உள்ளவர்களும் குறைபார்வை உடையோர் என வகுக்கப்படுகின்றனர்.

வரலாறு

வளர்ந்தோருக்கான முறையான மறுவாழ்வுப் பயிற்சி பெரும்பாலும் போர்களின் விளைவாகவே உருவானது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பார்வையற்றோருக்கான பள்ளிகள் பல இருந்தன. எனினும் அவை சிறுவர்களுக்கு உரியவையாகவே இருந்தன.

முதல் உலகப்போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காக 1915இல் இலண்டனில் புனித டன்ஸ்டன் இல்லம் தொடங்கப்பட்டது. இதனை நிறுவிய ஆர்தர் பியர்சன் செய்தித்தாள் உரிமையாளர்; கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். பார்வையிழந்தவர் இரக்கத்துக்கு உரியவர் என்னும் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. இல்லத்துக்கு வரும் வீரர்களுக்குத் தொட்டு மணி அறியும் பிரெய்லி கைக்கடிகாரம் வழங்கப்பட்டது. பிறரிடம் கேட்காமல் நேரம் அறிவதே அவர்கள் மீட்டெடுத்த முதல் விடுதலையாக அமைந்தது. பிரெய்லி, தட்டச்சு ஆகியவற்றுடன் காலணி செப்பனிடுதல், கூடை முடைதல், தச்சு, கோழி வளர்ப்பு, உடற்பிடிப்பு மருத்துவம், தொலைபேசி இணைப்பகப் பணி ஆகிய தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. இவ்வமைப்பு 2012இல் பெயர் மாற்றம் பெற்றது.

இரண்டாம் உலகப்போரின் போது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடமாட்டப் பயிற்சி ஒரு தனித்துறையாக வளர்ந்தது. பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் படைமருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு ஊவர், 1944 அளவில் நீண்ட கோலைப் பயன்படுத்தும் முறையை வகுத்தார். அதுவரை கைத்தடி உடலைத் தாங்குவதற்கும் பிறருக்கு அடையாளம் காட்டுவதற்குமே பெரிதும் பயன்பட்டது. ஊவர் அதனை நிலத்தை ஆராயும் கருவியாக மாற்றினார். 1948இல் இல்லினாய் மாநிலத்தின் ஐன்சு மருத்துவமனையில் படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் தொடங்கியது. அதன் முதல் தலைவரான ரசல் வில்லியம்சும் போரில் பார்வையிழந்தவரே. 1960இல் பாசுடன் கல்லூரியில் நடமாட்டப் பயிற்றுநர்களுக்கான பட்டமேற்படிப்பு ஏற்பட்டது.

கத்தோலிக்கக் குருவான தாமசு கேரல் 1961இல் வெளியிட்ட நூலில், பார்வை இழப்பை ஒற்றை இழப்பாகக் கொள்ளாமல் 20 இழப்புகளாகப் பகுத்துக் காட்டினார். நடமாட்டம், எழுத்துத் தொடர்பு, தொழில், பொருளியல் பாதுகாப்பு ஆகியவற்றோடு, கூட்டத்தில் யார் கவனத்தையும் ஈர்க்காமல் இருக்கும் வாய்ப்பையும் ஓர் இழப்பாக அவர் குறித்தார். ஒவ்வோர் இழப்புக்கும் தனித்தனியே மாற்று வழி தேட வேண்டும் என்னும் கருத்து இத்துறையில் நிலைபெற இந்நூல் உதவியது.

இந்தியாவில்

இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காக 1943இல் தேராதூனில் புனித டன்ஸ்டன் விடுதி அமைக்கப்பட்டது. நியூசிலாந்தைச் சேர்ந்த கிளூதா மெக்கன்சி இதன் பொறுப்பை ஏற்றார். அவர் 1915இல் கலிப்பொலிப் போரில் பார்வையிழந்தவர். விடுதலைக்குப் பின்னர் 1950இல் இந்திய அரசு இதனை ஏற்றுப் பொதுமக்களுக்கான வளர்ந்த பார்வையற்றோர் பயிற்சி மையத்தை அங்கே நிறுவியது. 1951இல் இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெய்லி முறையாகிய பாரதி பிரெய்லி ஏற்கப்பட்டது. தேராதூன் நிறுவனம் பின்னர் தேசிய நிறுவனமாக உயர்ந்தது. அதன் வட்டார மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் இயங்குகிறது. தன்னார்வ அமைப்புகளில் 1952இல் தொடங்கப்பட்ட பார்வையற்றோர் தேசியச் சங்கம் குறிப்பிடத்தக்கது.

பயிற்சியின் கூறுகள்

திசையறிதலும் நடமாட்டமும்

தான் எங்கே இருக்கிறோம் என்று அறிவது திசையறிதல்; அங்கிருந்து வேண்டிய இடத்துக்குப் பாதுகாப்பாகச் செல்வது நடமாட்டம். இரண்டும் சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன.

முதலில் வீட்டினுள் நடக்கும் பயிற்சி தொடங்குகிறது. ஒரு கையின் புறங்கையால் சுவரை மெல்லத் தொட்டுச் செல்லுதல், மற்றொரு கையை முகத்துக்கு முன்னே மடக்கிப் பிடித்துத் தலையைக் காத்தல், கதவையோ தூணையோ நிலையான அடையாளமாகக் கொண்டு திசையைக் கணித்தல் ஆகியவை இதில் அடங்கும்.

அடுத்து வெண்கோல் பயிற்சி. வெள்ளைப் பிரம்பு என்றும் அழைக்கப்படும் இக்கோல், நின்ற நிலையில் ஏறத்தாழ மார்பெலும்பு வரை எட்டும் நீளம் உடையது. நடக்கும்போது கோலின் நுனி தோள் அகலத்தைவிடச் சற்று மிகுந்த வளைவில் இடமும் வலமுமாக அசைகிறது. வலக்கால் முன்வைக்கப்படும்போது நுனி இடப்புறத்தைத் தொடுகிறது. இடக்கால் முன்வைக்கப்படும்போது வலப்புறத்தைத் தொடுகிறது. இதனால் அடுத்த அடி விழப்போகும் இடம் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சோதிக்கப்படுகிறது. பள்ளம், படி, மேடு ஆகியவற்றைக் கோல் கண்டுகொள்கிறது. இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கிளை, சன்னல் கதவு போன்றவற்றை அதனால் அறிய இயலாது.

சாலையைக் கடக்க வண்டிகளின் ஒலியே வழிகாட்டி. தமக்கு இணையாகச் செல்லும் வண்டிகள் புறப்படும் ஓசையைக் கொண்டு, குறுக்கே செல்லும் போக்குவரத்து நின்றதை உணரலாம். விளக்குக் கம்பங்களின் ஒழுங்கு பின்பற்றப்படாத சந்திகளில் இம்முறை போதாது. அத்தகைய இடங்களில் உதவி கேட்பதும் ஒரு திறனாகவே கற்பிக்கப்படுகிறது. உதவுபவர் பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. பார்வையற்றவரே உதவுபவரின் முழங்கைக்குச் சற்று மேலே பற்றிக்கொண்டு, அரை அடி பின்னால் நடப்பதே சரியான முறை. அவ்வாறு நடக்கையில் முன்செல்பவரின் உடலசைவிலிருந்தே படி ஏறுவதையும் இறங்குவதையும் அறிந்துகொள்ள முடியும்.

அன்றாட வாழ்க்கைத் திறன்கள்

இப்பகுதியின் அடிப்படை ஒழுங்கு ஆகும். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைத்தல் முதல் விதி. உப்பும் சர்க்கரையும் வெவ்வேறு வடிவப் புட்டிகளில் வைக்கப்படுகின்றன. ஒன்றுபோல் இருக்கும் புட்டிகளில் இரப்பர் வளையங்கள் இட்டு வேறுபடுத்தப்படுகின்றன. துணிகளின் நிறத்தை அறிய உள்விளிம்பில் சிறு முடிச்சோ பொத்தானோ தைக்கப்படுகிறது.

சமையலில் முதலில் பாத்திரத்தை அடுப்பின் நடுவில் வைத்துத் தொட்டுப் பார்த்த பின்னரே அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. தொங்கும் முந்தானையைச் செருகிக்கொள்வது கட்டாயம். கடுகு வெடிக்கும் ஓசை, வெங்காயம் வதங்கும் மணம், உலை கொதிக்கும்போது மூடியில் ஏற்படும் அதிர்வு ஆகியன கண்ணின் வேலையைச் செய்கின்றன. குளிர்ந்த நீரைக் குவளையில் ஊற்றும்போது விளிம்பின் உள்ளே விரல்நுனியை வைத்து மட்டம் அறியலாம். சூடான நீருக்கு, மட்டம் எட்டியதும் ஒலி எழுப்பும் சிறு கருவி பயன்படுகிறது.

தட்டில் உள்ள உணவைக் கடிகார முகமாகக் கொண்டு விளக்குவது பல நாடுகளில் வழக்கம். 12 மணி இடத்தில் பொரியல், 3 மணி இடத்தில் கூட்டு என்று சொன்னால் தேட வேண்டியதில்லை. தமிழர் விருந்தில் இலையின் மேற்பாதியில் தொடுகறிகளும் கீழ்ப்பாதியில் சோறும் பரிமாறும் வழக்கம் இதே பயனைத் தருகிறது.

பணத்தாள்களை அறிய அளவும் புடைப்புக் குறிகளும் உதவுகின்றன. இப்போதைய இந்தியத் தாள்களில் 100 உரூபாய் 142 மில்லிமீட்டர், 200 உரூபாய் 146 மில்லிமீட்டர், 500 உரூபாய் 150 மில்லிமீட்டர் நீளம் கொண்டவை. 100 உரூபாய்த் தாளில் முக்கோணமும் 500 உரூபாய்த் தாளில் வட்டமும் புடைப்பாக அச்சிடப்பட்டுள்ளன. கசங்கிய தாளில் புடைப்பு தேய்ந்துவிடுவதால், தாள்களை வெவ்வேறு வகையாக மடித்து வைக்கும் பழைய முறையும் கற்பிக்கப்படுகிறது. 2020இல் இந்திய மைய வங்கி, கைப்பேசியின் ஒளிப்படக்கருவி மூலம் தாளின் மதிப்பைச் சொல்லும் மணி என்னும் செயலியை வெளியிட்டது.

எழுத்தும் தொடர்பும்

பிரெய்லி ஆறு புள்ளிகளின் சேர்க்கையால் அமைந்த தொடு எழுத்து முறை. இதனை உருவாக்கிய லூயி பிரெய்லி 1829இல் முதன்முதலில் வெளியிட்டார். முதிய வயதில் இதனை விரைந்து படிக்கக் கற்பது கடினம். நீண்டநாள் நீரிழிவால் விரல்நுனி உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது மேலும் கடினம். அத்தகையோரும் மருந்துப் புட்டி, கோப்பு முதலியவற்றில் ஓரிரு எழுத்துகளை ஒட்டி அடையாளம் காணும் அளவுக்குக் கற்றுக்கொள்ளலாம். கையொப்பம் இட, நடுவில் திறப்புள்ள அட்டை பயன்படுகிறது.

கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைபடிப்பான் மென்பொருள்கள் இத்துறையைப் பெரிதும் மாற்றின. 2006இல் ஆத்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்விடிஏ திறமூல மென்பொருள் என்பதால் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. கைப்பேசிகளிலும் 2009 முதல் இவ்வசதி உள்ளிணைந்து வரத் தொடங்கியது.

எஞ்சிய பார்வையைப் பயன்படுத்துதல்

குறைபார்வை உடையோருக்கு உருப்பெருக்கிகளுடன் ஒளி, நிற வேறுபாடு ஆகியவற்றைப் பயன்படுத்தும் முறையும் கற்பிக்கப்படுகிறது. படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை இடுதல், வெண்சோற்றுக்கு அடர்நிறத் தட்டைப் பயன்படுத்துதல், விளக்கைத் தோளுக்குப் பின்னிருந்து புத்தகத்தின் மேல் விழச்செய்தல் ஆகியவை செலவு குறைந்த வழிகள்.

உளநலம்

பார்வை இழப்பைத் தொடர்ந்து துயரம், சினம், மறுப்பு, சோர்வு ஆகியன ஏற்படுவது இயல்பு. பார்வை குறைந்தவர்களுள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிவதுண்டு. சார்லசு பானே கூட்டறிகுறி எனப்படும் இது மனநோய் அன்று. இதனை அறியாதோர் அச்சத்தால் வெளியே சொல்லாமல் மறைத்துவிடுகின்றனர். முன்பே பயிற்சி பெற்றவர்களுடன் பழகுவது, பல வேளைகளில் அறிவுரையைவிட மிகுந்த ஊக்கம் தருகிறது.

முறைகள் பற்றிய கருத்து வேறுபாடு

எஞ்சிய பார்வை உள்ளவர்களுக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி அளிக்கலாமா என்பதில் இருவேறு கருத்துகள் உள்ளன. அமெரிக்காவில் கென்னத்து செர்னிகன் 1958 முதல் அயோவா மாநிலத்தில் நடத்திய பயிற்சியில், எல்லோரும் கண்மறைப்பு அணிந்தே பழகினர். தேய்ந்துவரும் பார்வையை நம்பியிருப்பவர் கோலையும் காதையும் முழுமையாக நம்பக் கற்பதில்லை என்பது இத்தரப்பின் வாதம். எஞ்சிய பார்வையும் ஒரு வளமே. அதனை மறைத்துக் கற்பிப்பது அவரவர் தேவைக்குப் பொருந்தாது என்பது மறுதரப்பின் வாதம். பார்வை மேலும் குறையும் என உறுதியாக அறிந்தவர்களுக்கு முதல் முறையும், நிலையான குறைபார்வை உடையோருக்கு இரண்டாம் முறையும் பொருந்தும் என இரண்டையும் இணைத்துச் செயல்படுவோரும் உள்ளனர்.

குடும்பத்தின் பங்கு

மறுவாழ்வுக்கு ஏற்படும் தடைகளுள் பல அன்பின் பெயராலேயே வருகின்றன. அடுப்பருகே விடாமல் தடுத்தல், சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தல், அவருக்காகத் தாமே பதில் சொல்லுதல் ஆகியன பயிற்சியில் பெற்ற திறனை விரைவில் மங்கச் செய்கின்றன. எனவே குடும்பத்தினருக்கும் பயிற்சி தேவைப்படுகிறது. நாற்காலியை இடம் மாற்றினால் தெரிவித்தல், கதவை முழுதாகத் திறந்தோ மூடியோ வைத்தல், அறைக்குள் வரும்போதும் போகும்போதும் குரல் கொடுத்தல் ஆகியன அவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை.

உரிமைகள்

ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு மறுவாழ்வு பற்றியது. இந்தியா 2007இல் இதனை உறுதி செய்தது. 2016ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், மறுவாழ்வுப் பணிகளை அரசின் பொருளியல் திறனுக்கு உட்பட்ட கடமையாகக் கூறுகிறது. அச்சிட்ட நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவில் மாற்றப் பதிப்புரிமை விலக்கு அளிக்கும் மரகேசு உடன்படிக்கை 2013இல் உருவானது. அதனை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா.

சிக்கல்கள்

கண் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் இடையே உள்ள இடைவெளி இத்துறையின் முதன்மையான சிக்கல். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் கூறுவது மருத்துவத்தைப் பற்றியது மட்டுமே. பயிற்சி மையம் ஒன்று உண்டு என்பதை அப்போதே தெரிவிக்காவிட்டால், நோயாளி அச்சொல்லைத் தம் வாழ்க்கை முழுமைக்கும் உரியதாக எடுத்துக்கொண்டு வீட்டினுள் முடங்கிவிடுகிறார். மையங்கள் பெரும்பாலும் நகரங்களில் இருப்பதும், தங்கிப் பயிலும் முறை இல்லறப் பொறுப்புள்ள பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஒத்துவராததும் பிற தடைகள். இதற்கு மாற்றாக, பயிற்றுநர் வீட்டுக்கே சென்று, பயில்பவரின் சொந்த அடுக்களையிலும் சொந்தத் தெருவிலும் கற்பிக்கும் சமூகம் சார்ந்த மறுவாழ்வு முறை பின்பற்றப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

பிரெய்லி
வெண்கோல்
குறைபார்வை
திரைபடிப்பான்
வழிகாட்டி நாய்