வரையாடு பிழைத்தது, அதன் புல்வெளி?

2025 ஏப்ரல் கடைசி வாரத்தில் தமிழ்நாடு, கேரளம் இரண்டின் வனத்துறையினரும் ஒரே நாள்களில் மலையேறி வரையாடுகளை எண்ணினார்கள். இப்படிச் சேர்ந்து எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. வால்பாறைக்கு மேலே உள்ள கிராஸ் ஹில்ஸ் புல்மலையும் இடுக்கி மாவட்டத்து இரவிகுளம் தேசியப் பூங்காவும் அடுத்தடுத்து இருப்பவை. காலையில் தமிழ்நாட்டில் மேய்ந்த கூட்டம் மாலையில் கேரளத்துப் பாறையில் படுத்திருக்கும். தனித்தனி மாதங்களில் எண்ணினால் ஒரே ஆடு இரண்டு கணக்கிலும் ஏறலாம், இரண்டிலும் விட்டுப்போகலாம்.

வந்த எண்கள் நல்ல செய்தி. தமிழ்நாட்டில் 2024-ல் 1,031 ஆக இருந்த கணக்கு 2025-ல் 1,303 ஆனது. கேரளமும் 1,300-ஐத் தாண்டியது. இரவிகுளத்தில் மட்டும் 800-க்கும் மேல். இந்த விலங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாடு, கேரளப் பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்பதால், இந்த இரண்டு தொகைகளையும் கூட்டினால் வருவதுதான் உலகக் கணக்கு. 2015-ல் உலக இயற்கை நிதியத்தின் இந்தியப் பிரிவு 3,122 என்று மதிப்பிட்டிருந்தது. எண்ணிய முறைகள் வேறு வேறு என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து 'குறைந்துவிட்டது' என்று முடிவுகட்டக் கூடாது. ஒரே முறையில் ஆண்டுதோறும் எண்ணி வந்தால்தான் போக்கு தெரியும். அதற்கான தொடக்கமாகவே 2025 கணக்கெடுப்பைப் பார்க்கிறேன்.

என் கவலை வேறு. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே பூங்காவில் உலக வரையாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. மற்றவை கிராஸ் ஹில்ஸ், நீலகிரியின் முக்குருத்தி போன்ற சில இடங்களிலும், பரம்பிக்குளம், நெல்லியாம்பதி, சிறுவாணி மலைகளின் உச்சிகளில் சிறு சிறு கூட்டங்களாகவும் சிதறியிருக்கின்றன. வரையாடு முன்பு வாழ்ந்த சோலைப் புல்வெளிகளில் சுமார் 14 விழுக்காட்டில் இன்று ஓர் ஆடுகூட இல்லை. பெரிய கூட்டம் பெருகுவதால் தொகை கூடும். அதே ஆண்டில் இன்னொரு மலையில் கடைசிச் சில ஆடுகள் அழிந்தாலும் அந்தத் தொகையில் அது தெரியாது.

கணவாயின் இரு கரைகள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு மலை குறுக்கிடுவதே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் 30 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்துக்கு விட்டுப்போய்விடுகிறது. இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே சிறுவாணி, அமைதிப் பள்ளத்தாக்கு, நீலகிரி. தெற்கே நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், ஆனைமலை, அதற்கப்பால் இடுக்கியின் உயர்மலைகள். நமக்கு வழிவிட்ட இந்தத் தாழ்நிலம், குளிர்ந்த மலையுச்சியில் மட்டுமே வாழக்கூடிய உயிர்களுக்குக் கடக்க முடியாத வெப்பச் சமவெளி. அவை இரு பக்கமும் பிரிந்து, நெடுங்காலம் தனித்தனியே பரிணமித்தன.

சோலையின் தரையோரம் பூச்சி பொறுக்கும் நீலநிறச் சிறு குருவி ஒன்று உண்டு. கணவாய்க்கு வடக்கே இருப்பது ஓர் இனம், தெற்கே இருப்பது வேறோர் இனம் என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிசெய்தன. 2017-ல் வெளியான ஆய்வு அவற்றைப் புதிய பேரினத்திலேயே வைத்தது. சோலைகளில் கூட்டமாகத் திரியும் சிரிப்பான் குருவிகளிலும் நீலகிரி இனம் வேறு, பழனி, ஆனைமலை இனம் வேறு. வரையாடு இரு பக்கமும் ஒரே இனம்தான். ஆனாலும் வடக்குக் கூட்டங்களுக்கும் தெற்குக் கூட்டங்களுக்கும் மரபணு வேறுபாடு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு நடைமுறைப் பொருள் உண்டு. இரவிகுளத்தில் ஆடு மிகுதியாக இருக்கிறது, சிறுவாணியில் குறைந்தால் அங்கிருந்து கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று எண்ணுவது தவறாக முடியும். வடக்குக் கூட்டத்தில் இருக்கும் மரபு வளம் தெற்கில் இல்லை. ஆடு அற்றுப்போன மலைகளில் மீண்டும் குடியேற்றும் முயற்சிகள் நடக்கும்போது எந்தப் பக்கத்து ஆடு எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

வேட்டைக்காடு காத்த புல்

இரவிகுளம் மட்டும் எப்படித் தப்பியது? 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பள்ளங்களும் சரிவுகளும் தேயிலை ஆயின. உச்சியிலிருந்த புல்வெளியைத் துரைமார்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். அதைக் காக்கும் வேலையை அங்கே வாழும் முதுவர் பழங்குடியினரிடம் விட்டார்கள். காட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்த முதுவர்கள் இல்லாமல் அந்தப் புல்வெளி நிலைத்திருக்காது. 1971-ல் கேரள அரசு சட்டம் இயற்றிக் கண்ணன் தேவன் நிலங்களைத் திரும்ப எடுத்தது. 1975-ல் இரவிகுளம் சரணாலயமானது, 1978-ல் தேசியப் பூங்காவானது. இன்றும் அங்கே முதுவர்கள் காவலர்களாக இருக்கிறார்கள். குளிர்காலத்தில் பகுதி பகுதியாகப் புல்லைக் கட்டுப்பாட்டோடு எரித்து, கோடையில் பெருந்தீ பரவாமல் தடுக்கும் வேலையும் அவர்கள் கைப்பட நடந்து வருகிறது. எரித்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல் ஆட்டுக்கு நல்ல தீனி.

வரையாடுகளின் நிலையை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ஈ.ஆர்.சி. தாவீதார். 1975-ல் வெளியான அவருடைய ஆய்வு இந்த விலங்கின் பக்கம் கவனத்தைத் திருப்பியது. அவர் நினைவாகவே அக்டோபர் 7-ஐத் தமிழ்நாடு வரையாடு நாளாகக் கடைப்பிடிக்கிறது.

மரம் நட்டதால் வந்த கேடு

மரம் நடுவது எங்கும் எப்போதும் நல்லது என்றே நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். உயர்மலைப் புல்வெளியில் அது உண்மையல்ல.

சுமார் 1,800 மீட்டருக்கு மேலே பள்ளத்தாக்கின் மடிப்புகளில் சோலை, சரிவுகளிலும் முகடுகளிலும் புல் என்று நிலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். காட்டை வெட்டியதால் வந்த வெற்றிடம் இந்தப் புல்வெளி என்று பல காலம் நம்பினார்கள். உண்மையில் இது மிகப் பழைய, இயற்கையான புல்வெளி. மரம் ஏன் அங்கே ஏறவில்லை என்பதற்கு உறைபனி ஒரு முக்கியக் காரணம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த புல்வெளியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும். சோலைக்குள் அப்படி இறங்காது. புல்வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகள் அந்தக் குளிரில் கருகிவிடுகின்றன. நீலகிரியில் நடந்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியதோடு இன்னொன்றையும் சொன்னது: அயல்நாட்டு அகேசியா, யூகலிப்டஸ் கன்றுகள் அதே பனியைத் தாங்கிவிடுகின்றன. மலை வெப்பமாகி வருவதால் உறைபனி என்ற அந்தக் காவலும் தளர்கிறது.

வெள்ளையர் ஆட்சி இந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தது. விடுதலைக்குப் பின் வந்த வனத்துறைகளும் அதையே தொடர்ந்தன. தோல் பதனிட வாட்டில் என்ற அகேசியாவின் பட்டை, காகித ஆலைகளுக்கும் ரேயான் ஆலைகளுக்கும் மரக்கூழ், தேயிலை உலர்த்த விறகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மரம் வந்தது. நட்ட மரத்தோடு நின்றிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வாட்டில் தானாகவே பரவுகிறது. பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் மாறிப்போனதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் கண்டிருக்கிறார்கள். அதே காலத்தில் சோலைக்காட்டின் பரப்பு 31 விழுக்காடு குறைந்தது. இழப்பின் பெருஞ்சுமை புல்லின் மேல் விழுந்தது, அங்கே பச்சை குறையாததால் யாருக்கும் உறைக்கவில்லை.

வாட்டில் அடர்ந்த இடத்தில் வரையாடு நிற்காது. சிறுத்தையோ செந்நாயோ வருவதைத் தொலைவிலேயே கண்டு, செங்குத்துப் பாறைக்குப் பாய்ந்து தப்புவதுதான் அதன் ஒரே தற்காப்பு. மறைப்பு வந்தால் அது போய்விடும். இரு புல்மலைகளுக்கு நடுவே வாட்டில் காடு எழும்போது கூட்டங்களுக்கிடையே போக்குவரத்தும் நின்றுபோகிறது.

புல்லை நம்பியிருப்பது ஆடு மட்டுமல்ல. இரவிகுளத்தில் ஆனைமுடிச் சிகரத்தை ஒட்டிய மிகச் சிறு பரப்பில் மட்டும் ஒரு செந்நிறப் புதர்த்தவளை வாழ்கிறது. 2010-ல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. அதன் குஞ்சுகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். அந்த ஈரப் புல்திட்டு காய்ந்தால் அதற்குப் போக வேறு இடம் இல்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இந்தப் புல்வெளிகளின் மண் மழையையும் பனிமூட்டத்தின் ஈரத்தையும் உறிஞ்சிவைத்து மெல்ல மெல்லக் கசியவிடும். இடுக்கியின் உயர்மலையில் பிறக்கும் பாம்பாறு மறையூரையும் சின்னாற்றையும் கடந்து அமராவதி அணைக்கு வருகிறது. திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வயல்கள் அந்த நீரை எதிர்பார்த்திருக்கின்றன. கோயம்புத்தூர் குடிக்கும் சிறுவாணித் தண்ணீரின் அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். புல்லைத் தமிழ்நாடு தனக்குத் தொடர்பில்லாத கேரளத்து விவகாரம் என்று விட்டுவிட முடியாது.

பழத்தோட்டத்தில் நடந்தது

இடுக்கி மாவட்டத்து வட்டவடைக்கு மேலே ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவில் பழத்தோட்டம் என்ற இடம் இருக்கிறது. அடர்ந்த வாட்டில் தோட்டமாக இருந்த அந்த மலைச்சரிவு காட்டுத்தீயில் எரிந்தது. வாட்டில் விதைக்குத் தீ ஓர் அழைப்பு. எரிந்த மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகள் எழும். விட்டிருந்தால் முன்பைவிட அடர்ந்த வாட்டில் காடுதான் வந்திருக்கும். மூணாறு வன உயிரினக் கோட்டமும், பழங்குடியினரும் ஊர்மக்களும் சேர்ந்த ஹரித வசந்தம் சூழல் மேம்பாட்டுக் குழுவும் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். முளைத்த வாட்டிலைக் கையால் பிடுங்கினார்கள். இயற்கைப் புல்வெளிகளிலிருந்து புல்லினங்களைக் கொண்டுவந்து நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள். சுமார் 50 ஹெக்டேர் பரப்பில் புல் திரும்பியது. காட்டு விலங்குகள் மேயவந்தன, வற்றிய ஓடைகளில் மறுபடி நீர் ஓடியது. சோலைப் புல்வெளியை மீட்க முடியாது என்று சொல்லிவந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

அதே வட்டவடையில் இன்னொரு கணக்கும் தீர்க்கப்படாமல் இருக்கிறது. வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர் பக்கம் தலைமுறைகளாகப் பூண்டும் காய்கறியும் பயிரிடுவோரில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். நிலத்தின் ஒரு பகுதியில் அவர்களே 'கிராண்டிஸ்' எனப்படும் யூகலிப்டஸ் நட்டார்கள். காய்கறிக்கு விலை இல்லாத ஆண்டுகளில் விலை தந்தது அந்த மரம்தான். 2006-ல் நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டில் 32 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. தம் நிலம் உள்ளே வருமா, வெளியே நிற்குமா, பட்டா செல்லுமா என்ற அச்சம் அன்று தொடங்கியது. அதன் பிறகு 2018-லும் குறிஞ்சி பூத்து முடிந்தது, அச்சம் தீரவில்லை. எல்லை முழுமையாகத் தெளிவாகாத இடத்தில் விவசாயி கிராண்டிஸை வெட்டிவிட்டுப் புல் வளர்க்க முன்வர மாட்டார். அவரைக் குற்றவாளியாக்கிப் புல்வெளியைக் காக்க முடியாது. உரிமை நிலத்துக்குத் தெளிவான பட்டாவும், மரத்தை விட்டு மாறுவதற்கு உதவித்தொகையும் தந்த பிறகுதான் அவரிடம் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

வெப்பம் இன்னொரு பக்கம் நெருக்குகிறது. வரையாட்டின் தற்போதைய வாழிடத்தில் 60 விழுக்காடு வரை 2030-களிலிருந்து தகுதியிழக்கலாம் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. தாழ்ந்த குன்றுகளில் தனித்து நிற்கும் கூட்டங்களுக்கே முதல் அடி. அவற்றுக்கு மேலே ஏற மலை இல்லை. பக்கத்து மலைக்குப் போகப் புல்வழி இருந்தால் பிழைக்கலாம். ஆகவே அடுத்த கூட்டுக் கணக்கெடுப்பில் ஆட்டை எண்ணும் குழுக்களே, எந்த இரு புல்மலைகளுக்கு நடுவே வாட்டில் நிற்கிறது, அதில் எந்தத் துண்டை முதலில் அகற்றினால் கூட்டங்கள் சேரும் என்பதையும் இரு மாநில வரைபடத்தில் குறித்து வர வேண்டும். ஆடு சாலையோரம் வந்து நிற்கும் இரவிகுளத்து ராஜமலையைப் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்று திரும்புவதைவிட இது பயன்தரும்.

பணமும் அதற்கேற்ப வர வேண்டும். தமிழ்நாடு 2022 டிசம்பரில் அறிவித்த வரையாடு திட்டத்துக்கு 25.14 கோடி ரூபாய் ஒதுக்கி, ஐந்தாண்டுக் காலம் வைத்தது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டும் முதல் ஆண்டு வேலைக்கு ஒப்பந்தக்காரர் கிடைப்பார். ஆறாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் மழைக்குப் பின் மலையேறி, முளைத்த கன்றைப் பிடுங்கப்போகிறவர்கள் முதுவர்களும் வட்டவடை ஊர்க்காரர்களும். அந்த ஆண்டுகளின் கூலி இப்போதே இரு மாநில வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்பட வேண்டும்.