குறி தவற வைக்கும் காற்று

இங்கிலாந்து நாட்டில், சர்ரி என்னும் மாவட்டத்தில் பிஸ்லி என்றோர் ஊர் இருக்கிறது. துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. 1860-ஆம் ஆண்டு விக்டோரியா அரசி விம்பிள்டனில் தொடங்கி வைத்த போட்டிகள், 1890-இல் இவ்வூருக்கு இடம் மாறின. இன்றும் ஜூலை மாதங்களில் இங்கே நடைபெறுகின்றன. இவற்றுள் தலையாயது அரசர் பரிசுப் போட்டி. இதன் இறுதிச் சுற்றில் 900 கஜத் தொலைவிலிருந்து 15 குண்டுகளும், 1,000 கஜத் தொலைவிலிருந்து 15 குண்டுகளும் சுட வேண்டும்.

1,000 கஜம் என்பது 914 மீட்டர். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்! அவ்வளவு தொலைவில் உள்ள இலக்கின் நடு வட்டமோ, அரை மீட்டரைச் சற்றே தாண்டும் குறுக்களவு உடையது. வீரர்கள் தரையில் குப்புறப் படுத்து, கை நடுங்காமல் சுடுகிறார்கள். புவியீர்ப்பினால் குண்டு கீழே தாழும் அளவு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றே. அதற்கேற்ப முன்கூட்டியே குறியை உயர்த்தி வைத்துக் கொள்ளலாம். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஒன்று உண்டு. அதுதான் காற்று.

எவ்வளவு தூரம் தள்ளும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமார் 10 கிராம் எடையுள்ள குண்டு, வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் துப்பாக்கியிலிருந்து புறப்படுகிறது. காற்றின் தடையால் வழியெல்லாம் வேகம் குறைந்துகொண்டே போவதால், இலக்கை அடைய அதற்கு ஏறத்தாழ 1.5 வினாடி ஆகிறது. அப்போது இடப்புறமிருந்து வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று வீசுகிறது என்று வைத்துக் கொள்வோம். குண்டு எவ்வளவு விலகும்?

"4 × 1.5 = 6 மீட்டர்" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் உண்மையில் அது விலகுவது சுமார் 2 மீட்டர்தான். ஏன்?

காற்றோடு மிதந்து செல்லும் ஒரு பலூனில் நீங்கள் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். உங்களுக்குக் காற்று அசையாமல் இருப்பதாகவே தோன்றும். உங்கள் பார்வையில் குண்டுதான் சற்றுச் சாய்வாக, காற்று வரும் பக்கம் நோக்கிப் புறப்படுகிறது. அசையாத காற்று குண்டை நேர் பின்னால் இழுக்குமே தவிர, பக்கவாட்டில் திருப்பாது. எனவே குண்டு அதே சாய்ந்த நேர்கோட்டில் செல்கிறது. தடையே இல்லாவிட்டால் குண்டு இலக்கை அடைய 1 வினாடி போதும். ஆகவே அந்தச் சாய்கோட்டில் அது இடப்புறமாகச் செல்லும் தூரம் 4 × 1 = 4 மீட்டர். ஆனால் தடை இருப்பதால் 1.5 வினாடி ஆகிவிட்டது. அதற்குள் உங்கள் பலூன் வலப்புறமாக 6 மீட்டர் நகர்ந்துவிட்டது. தரையில் நிற்பவருக்கு இவ்விரண்டின் வேறுபாடுதான் தெரியும். 6-லிருந்து 4 போக மீதி 2 மீட்டர்!

இதையே ஒரு சூத்திரமாகச் சொல்லலாம்:

விலகல் = குறுக்குக் காற்றின் வேகம் × தாமதம்

தாமதம் என்பது, தடையின்றிச் சென்றால் ஆகும் நேரத்துக்கும் உண்மையில் ஆகும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு. இங்கே அது அரை வினாடி. தாமதம் குறைந்தால் விலகலும் குறையும். தொலைதூரம் செல்லும் குண்டுகளுக்குக் கூரிய முனையும் ஒடுங்கிய பின்புறமும் அமைப்பது இதற்காகத்தான்.

300 கஜத்தில் இதே காற்று குண்டைச் சுமார் 15 சென்டிமீட்டர்தான் விலக்கும். தொலைவு மூன்று மடங்குக்குச் சற்று மேல். விலகலோ பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! தொலைவு கூடக் கூடத் தாமதம் வெகு விரைவாக வளர்வதே காரணம்.

இப்போது வீரரின் சிக்கல் உங்களுக்குப் புரியும். 1,000 கஜத்தில் காற்றின் வேகத்தை மணிக்கு 2 கிலோமீட்டர் அளவு தவறாக மதிப்பிட்டாலே, குண்டு நடு வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். மணிக்கு 2 கிலோமீட்டர் என்பது நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை.

காற்றைப் பார்க்க முடியுமா?

காற்றைப் பார்க்க முடியாது. அதன் செயலைப் பார்க்கலாம். பிஸ்லியில் சுடும் களம் நெடுகிலும் உயர்ந்த கம்பங்களில் கொடிகள் பறக்கின்றன. கொடி எவ்வளவு உயர்கிறது, எப்பக்கம் திரும்புகிறது என்று வீரர்கள் கவனிக்கிறார்கள்.

வெயில் நாளில் இன்னொரு துணையும் உண்டு. சூடான தரைக்கு மேல் காற்று நெளிவதைக் கோடையில் தார்ச்சாலையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொலைநோக்கியில் பார்த்தால் இந்தக் கானல், ஓடை நீர் போல ஒரு பக்கமாக ஓடுவது தெரியும். அது ஓடும் பக்கமே காற்று வீசும் பக்கம். குறுக்குக் காற்று இல்லையென்றால் கானல் கொதிநீர் போல நேராக மேலே எழும். காற்று பலமாக வீசினாலோ அலைகள் தட்டையாகிவிடும். வேகத்தைப் பிரித்தறிய முடியாது.

இவ்வளவு பார்த்தாலும் ஐயம் தீராது. வீரரின் அருகே ஒரு வேகம், நடுக்களத்தில் வேறொரு வேகம், இலக்கின் அருகே இன்னொரு வேகம் என்று இருக்கலாம். குண்டோ வளைகோட்டில் மேலே சென்று இறங்குகிறது. உச்சியில் மூன்று மீட்டருக்கு மேல் உயர்கிறது. அங்கே வீசும் காற்று, புல்லை அசைக்கும் காற்றைவிட வேகமானது.

திசையும் முக்கியம்

காற்று குறுக்காக வீசாமல் சாய்வாக வீசினால், அதன் குறுக்குக் கூறு மட்டுமே குண்டை விலக்கும். சுடும் திசைக்கு 30° சாய்ந்து வீசும் காற்றில் பாதி வேகமே கணக்கில் வரும்; ஏனெனில் சைன் 30° = 0.5.

அப்படியானால் நேர் எதிரே வீசும் காற்றால் தொல்லை இல்லை அல்லவா? அங்கேதான் ஏமாற்றம்! வினாடிக்கு 6 மீட்டர் வேக எதிர்க்காற்று இடப்புறம் 10° சாய்ந்திருந்தால், குண்டு வலப்புறம் அரை மீட்டர் விலகும். அடுத்த நொடியில் காற்று வலப்புறம் 10° திரும்பினால், குண்டு இடப்புறம் அரை மீட்டர் விலகும். கொடி சற்றே அசைந்ததில் ஒரு மீட்டர் வேறுபாடு!

குண்டு பட்ட இடத்தை இலக்கில் அடையாளமிட்டுக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துத் திருத்திக் கொள்ளலாமே எனலாம். ஆனால் அது சொல்வது, சற்று முன் வீசிய காற்றைப் பற்றி. அடுத்த குண்டு சந்திக்கப் போவதோ புதிய காற்றை. மாறுதலைக் கண்டால் வீரர் பின்குறியைத் திருகி நகர்த்துகிறார். அல்லது பழைய காற்று திரும்பும்வரை காத்திருக்கிறார். நெடுநேரம் காத்திருக்கவும் விதி இடம் தராது.

1930-இல் மார்ஜரி ஃபாஸ்டர் என்னும் பெண்மணி, ஆண்களுடன் போட்டியிட்டு அரசர் பரிசை வென்றார். இப்பரிசை வென்ற முதல் பெண் அவரே. உடல் வலிமையைவிடக் கூர்ந்து நோக்கும் கண்ணும், நிதானமாக முடிவெடுக்கும் மனமும் இங்கு வேண்டும் என்பதற்கு இது சான்று. சூத்திரம் எளியது, பெருக்கல் தெரிந்த எவரும் போடலாம். அதில் இடவேண்டிய எண்ணைக் கொடியிலும் கானலிலும் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம்.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. 1,000 கஜப் போட்டி. தாமதம் அரை வினாடி. சுடும் திசைக்கு 30° சாய்வாக, வலப்புறமிருந்து வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. குண்டு எந்தப் பக்கம், எவ்வளவு விலகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.

(விடை: இடப்புறம் 1.5 மீட்டர்.)